நான்காம் இருக்கை

ஜூலை 1, திங்கள்

புது நோட்டு. ஆகஸ்ட் 12 காலை பத்து மணிக்குச் சிவகாசி அச்சகத்தில் பிளேட் போடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அதுவரை நடப்பதை எழுதி வைப்பது என்று முடிவு. ஏதாவது தப்பு நடந்தால் எந்த நாளில், யாரால் என்று தேட உதவும்.

பதினொரு வருடம் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் எனக்கு இதுதான் வேலை: யாருக்கு எந்தத் திரை திறக்க வேண்டும், யாருக்குத் திறக்கக் கூடாது. ஒருமுறை ஸ்டோர்ஸ்காரருக்குச் சம்பளப் பட்டியல் தவறுதலாகத் திறந்துவிட்டது. ஒரு வாரம் மில்லில் யாரும் யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அனுமதி என்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இப்போது எங்கள் நிறுவனத்தில் இரண்டே பேர். நானும் ரெஜினாவும். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். கோவை கணபதியில் என் வீட்டின் முன்னறைதான் அலுவலகம். அவள் பலகை விளையாட்டை யோசிப்பாள். மற்ற எல்லாம் நான்.

விளையாட்டின் பெயர் 'மதகு'. ஓர் ஆறு, அதில் அடுத்தடுத்து நான்கு குளங்கள், விளையாட நான்கு பேர். மேலே இருப்பவர் மதகைத் திறந்தால்தான் கீழே இருப்பவருக்குத் தண்ணீர். தண்ணீர் இருந்தால் பயிர் வைக்கலாம். இல்லாவிட்டால் 'பாஸ்' சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். நான்காம் இருக்கை கடைமடை. அங்கே உட்காருபவருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: ஒவ்வொரு சுற்றையும் அவர் தொடங்குவார், விரும்பிய ஒரு மதகைத் திறந்துகொள்வார். மொத்தம் பன்னிரண்டு சுற்று, முடிவில் யாரிடம் நெல் அதிகமோ அவருக்கு வெற்றி.

அட்டைகள், பலகை, விதிப்புத்தகம் எல்லாம் ஒரு மென்பொருளுக்குள் இருக்கின்றன. அதில் நான்கு படி. ஓனர் ஒருவர்தான், யாரை எந்தப் படியில் வைப்பது என்பது அவர் கையில். எடிட்டர் எதையும் மாற்றலாம். கமெண்டர் மாற்ற முடியாது, ஓரத்தில் கருத்து எழுதலாம். வியூவர் பார்க்கலாம், சோதனை மேசையில் கணினியோடு ஆடிப் பார்க்கலாம், அதோடு சரி. கணக்கைத் தொடங்கியது நான் என்பதால் நான் ஓனர். ரெஜினா எடிட்டர்.

அவளுடைய அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. இன்று முதல் விடுப்பில் இருக்கிறாள்.

கேஸ் புக் செய்தேன்.

ஜூலை 4, வியாழன்

ஆகாயத்தாமரை என்று ஒரு அட்டை உண்டு. அது வந்தால் குளம் அடைத்துக்கொள்ளும். மொத்தம் ஆறு அட்டைகள். இன்று காலை பார்த்தால் அறுபத்தாறு. மாற்றங்களின் வரலாற்றைத் திறந்தேன்: ரெஜினா, காலை 6.12, கைபேசியிலிருந்து. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நோண்டியிருக்கிறாள்.

போன் செய்தேன். "தூக்கக் கலக்கம் புள்ள, கட்டைவிரல் பட்டிருச்சாட்ட இருக்குது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடுப்பு முடியும் வரை கமெண்டராக வைக்கிறேன் என்றேன். "சரி, நீ பாத்துக்க" என்றாள்.

அவள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. மில்லில் பொது மேலாளருக்கே இதைச் செய்திருக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஒரே நாளில் பத்தொன்பது கமெண்ட். மூன்றாம் குளத்தின் நீலம் வெளிறியிருக்கிறது. கொக்கு அட்டையில் இருப்பது கொக்கு இல்லை, நாரை. விதிப்புத்தகம் எட்டாம் பக்கத்தில் "தண்ணி இப்படிப் போகாது" என்று மூன்றே சொல். எப்படிப் போகும் என்று எழுதக் கூடாதா? அவளுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

பதினாறைச் சரிசெய்தேன். பதினாறும் நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றித் தீர்த்தேன்.

ஜூலை 11, வியாழன்

சென்னையிலிருந்து விநியோகஸ்தர் சேஷாத்ரி திங்கட்கிழமை காணொளியில் பேசுகிறார். அதற்கு முன் கோப்புகளைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார். வியூவராகச் சேர்த்தேன். ஓரத்தில் ரெஜினாவின் கமெண்டுகள் சிவப்புச் சிவப்பாக நிற்கின்றன. வெளியாள் பார்த்தால் வீட்டுச் சண்டை மாதிரி இருக்கும். அவற்றை மூடினேன். புதிதாக முளைக்காமல் இருக்க, அவளையும் வியூவராக மாற்றினேன். சில நாட்களுக்குத்தான்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. திறந்தால் திரையே சொல்லும்.

ஜூலை 12, வெள்ளி

குடிநீர் வந்தது. பத்து நாளாயிற்று. இரண்டு டிரம் பிடித்தேன்.

ஜூலை 15, திங்கள்

சேஷாத்ரி மரியாதையான மனிதர். ஒரே ஒரு நிபந்தனை: ஆட்டம் நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். "அதுக்கு மேல போனா எங்க கடைக்காரங்க எடுக்க மாட்டாங்க மேடம்." இப்போது சராசரி அறுபத்திரண்டு நிமிடம்.

பேச்சின் கடைசியில் கேட்டார். "இந்த ஐடியா யாரோடது? ரொம்ப நல்லா இருக்கு."

"நாங்க ரெண்டு பேருந்தாங்க" என்றேன். அப்படித்தான் எல்லா நிறுவனங்களிலும் சொல்வார்கள்.

ஜூலை 17, புதன்

கடைமடைச் சலுகையை எடுத்துவிட்டேன். நேரத்தைத் தின்பது அதுதான். நான்காம் ஆள் எந்த மதகைத் திறப்பது என்று யோசித்துக்கொண்டே இருப்பார், மற்ற மூவரும் அவரிடம் கெஞ்சுவார்கள், பேரம் பேசுவார்கள். அதற்குப் பதிலாக நான்காம் இருக்கைக்கு ஆரம்பத்திலேயே கொஞ்சம் கூடுதல் நெல் கொடுத்தேன்.

கணினியை விட்டு இருநூறு ஆட்டம் ஆட வைத்தேன். சராசரி நாற்பத்தொரு நிமிடம். வெற்றி நான்கு இருக்கைக்கும் ஏறக்குறைய சமம், நான்காம் இருக்கைக்கு இருபத்தாறு சதவீதம். யாருக்கும் அநியாயம் இல்லை. எண்கள் இவ்வளவு அழகாக வந்து நான் பார்த்ததில்லை.

இது நான் செய்தது. முழுக்க நான் செய்தது. மதியம் இரண்டு முறை காபி குடித்தேன்.

ஜூலை 19, வெள்ளி

சேஷாத்ரியோடு பேசிக்கொண்டிருக்கும்போது ரெஜினா இரண்டு முறை அழைத்தாள். எடுக்க முடியவில்லை. "மீட்டிங்கில் இருக்கிறேன், கமெண்டில் போடு" என்று செய்தி அனுப்பினேன்.

மாலை வரை பார்த்தேன். கமெண்ட் எதுவும் வரவில்லை. அவசரமாக இருந்திருந்தால் போட்டிருப்பாள்.

ஜூலை 23, செவ்வாய்

சோதனை மேசையின் பதிவேட்டைத் தினமும் படிப்பது என் பழக்கம். இன்று மதியம் மூன்று மணிக்கு ஓர் ஆட்டம். ஆடியது ரெஜினா, நான்காம் இருக்கை. மற்ற மூன்றிலும் கணினி. முதல் மூன்று சுற்றில் ஏதோ பயிர் வைத்திருக்கிறாள். பிறகு பதிவேட்டில் ஒன்பது வரி, ஒன்பதிலும் ஒரே சொல்: பாஸ்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பொழுது போகவில்லையாக்கும்.

ஜூலை 24, புதன்

மூன்று மணி. ரெஜினா. நான்காம் இருக்கை. ஒன்பது பாஸ்.

ஜூலை 25, வியாழன்

அதே.

ஜூலை 30, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும். வேறு இருக்கையில் ஒருநாள்கூட உட்காரவில்லை. ஜெயிப்பதும் உண்டு, தோற்பதும் உண்டு, அதைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை போல. ஆடுகிறவள் ஒழுங்காக ஆட வேண்டும். இது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. பாலிடெக்னிக்கிலும் இப்படித்தான், சண்டை என்றால் பேச மாட்டாள், பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அம்மா எப்படி இருக்கிறார் என்று செய்தி அனுப்பினேன். "நடக்கிறாங்க" என்று பதில் வந்தது. வேறொன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கொசுவலையைத் தைக்கக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அவளை அணியிலிருந்தே எடுத்துவிட்டால் பதிவேடு சுத்தமாக இருக்கும். மில்லாக இருந்தால் எடுத்திருப்பேன். பட்டனுக்கு மேலே சுட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அழுத்தாமல் நகர்த்திவிட்டேன்.

மூன்று மணிக்கு அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வருகிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இன்று மூன்று பத்துக்குத்தான் வந்தது. பத்து நிமிடமும் வேறு வேலை ஓடவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

அச்சகத்துக்கு இறுதிக் கோப்புகள் போயாயிற்று. பிளேட் போடும்வரை மாற்றலாம், ஆனால் மாற்ற ஒன்றும் இல்லை. சேஷாத்ரி கைகூப்பும் படம் அனுப்பியிருக்கிறார்.

சனிக்கிழமை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வாசகசாலையில் காட்சி ஆட்டம். மாதிரிப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. அட்டை வாசனை நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, சனி

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

ஏழு மேசைக்குப் பதில் ஒரு மேசைக்குத்தான் ஆள் வந்தார்கள். பத்மாவதி என்று வங்கியில் வேலை பார்க்கும் பெண், அவர் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள். நான்காவது ஆளாக வரவேண்டிய பத்மாவதியின் தங்கை வரவில்லை. காலியாக இருந்தது கடைமடை. நான் உட்கார்ந்தேன். சலுகையை எடுத்த பிறகு நான் ஒருமுறைகூட கையால் ஆடிப் பார்க்கவில்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இருநூறு ஆட்டம் கணினி ஆடியது.

மூன்று சுற்று ஆடினேன். நான்காவது சுற்றில் குளம் வற்றியது. மேலே இருக்கும் மூவருக்கும் மதகைத் திறக்க அவசியமே இல்லை, ஏன் திறப்பார்கள்? "பாஸ்" என்றேன். ஐந்தாவதில் பாஸ். ஆறாவதில் பாஸ். அவர்கள் மூவரும் நன்றாகச் சிரித்துக்கொண்டு ஆடினார்கள். மகள் அப்பாவின் தண்ணீரை அடைத்துக்கொண்டாள், அவர் கத்தினார். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. திரும்ப ஒரு காரணமும் இல்லை.

ஏழாவது சுற்றில் பத்மாவதி என்னைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க சும்மாதான உக்காந்திருக்கீங்க, அந்த ஃபேனக் கொஞ்சம் கூட்டி வெய்ங்களேன்."

எழுந்து போய்க் கூட்டி வைத்தேன். வருவதற்குள் என் முறை வந்து போயிருந்தது. "உங்களுக்குப் பாஸ்னு நாங்களே சொல்லிக்கிட்டோமுங்க" என்றாள் மகள். ஒன்பதாவது சுற்றில் தண்ணீர் பாட்டில் எடுத்துத் தந்தேன். பதினொன்றில் அவர்கள் மூவரையும் கைபேசியில் படம் பிடித்துக் கொடுத்தேன்.

கடைசியில் நெல்லை எண்ணினார்கள். ஜெயித்தது நான். கூடுதல் நெல் அப்படியே இருந்ததே.

பத்மாவதி கையைத் தட்டிவிட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க ஒண்ணுமே பண்ணலீங்களே!" என்றார்.

நான்கிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்பது முறை. வீட்டுக்கு வந்ததும் பதிவேட்டைத் திறந்தேன். ரெஜினா, நான்காம் இருக்கை, ஒன்பது பாஸ். ரெஜினா, நான்காம் இருக்கை, ஒன்பது பாஸ். ஜூலை 23-இலிருந்து இது என் கண் முன்னால் இருக்கிறது. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வியூவரால் எப்படிச் சொல்ல முடியுமோ அப்படி.

பிறகு ஜூலை 19-ஆம் தேதி நான் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். கமெண்டில் போடு. யாரிடம் சொல்லியிருக்கிறேன், எப்போது சொல்லியிருக்கிறேன் என்று பார்த்தேன். முகம் சுட்டது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலை ஆறு முதல் ஒன்பது வரை நானே சரிசெய்யப் பார்த்தேன். சலுகையைத் திரும்ப வைத்தால் அறுபத்திரண்டு நிமிடம். பாதி வைத்தால் முதல் இருக்கை மட்டும் ஜெயிக்கிறது. நெல்லைக் குறைத்தால் நான்காம் ஆள் ஜெயிப்பதே இல்லை. எனக்கு அட்டையை எண்ணத் தெரியும். தண்ணீர் எப்படிப் போகும் என்று தெரியாது.

பஸ் பிடித்துப் போத்தனூர் போனேன். ரெஜினா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நடந்துகொண்டிருந்தார். "வா கண்ணு, ஆளயே காணோம்" என்றார். எனக்கு அது குத்தியது.

ரெஜினா கீழே வந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். "நேத்து நாலாவது சீட்டுல உக்காந்தேன்."

"எத்தன பாஸ்?"

"ஒன்பது."

அவள் பக்கெட்டைக் கீழே வைத்தாள். "கம்ப்யூட்டருக்குச் சலிக்காது புள்ள. அதுக்கு பாஸும் ஒரு ஆட்டந்தான். மனுசன் அரைமணி நேரம் கையக் கட்டிட்டு உக்காந்திருந்தா அடுத்த தடவ அந்தப் பொட்டியவே தொட மாட்டான்."

"நீ ரெண்டு தடவ கூப்புட்ட அன்னிக்கு இதச் சொல்லத்தானா?"

"வேற எதுக்கு? கமெண்ட்டுல போடுன்ன. பொட்டியே இல்ல, எங்க போடறது?"

"வாட்ஸாப்புல சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லோணும்?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என்ற ஆட்டத்தப் பத்தி நான் பேசக் கூடாதுன்னு நீதான முடிவு பண்ணுன. வாயில சொல்லக்கூட இல்ல, ஒரு நாள் தொறந்து பாத்தா நான் வியூவர். அன்னிக்கு அம்மாவுக்குத் தையல் பிரிச்ச நாள். அழுதுட்டு உக்காந்திருந்தேன்."

அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

"நீ பதிவேடு படிப்பேன்னு தெரியும். மில்லுப் பழக்கம். தெனமும் படிச்சா ஒரு நாளாவது அந்தச் சீட்டுல உக்காந்து பாப்பேன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

மன்னிப்புக் கேட்டேன். சரியாகக் கேட்கவில்லை, 'நடைமுறை', 'பாதுகாப்பு' என்றெல்லாம் நடுவில் வந்துவிட்டது. அவள் கேட்டுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டாளா என்று தெரியாது.

மடிக்கணினியைத் திறந்தேன். எடிட்டர் ஆக்கினால் போதும், வேலை நடக்கும். ஆனால் எடிட்டரை நாளைக்கே நான் மறுபடி இறக்கலாம், எனக்கு என்னைத் தெரியும். உரிமையை மாற்றும் பக்கத்துக்குப் போனேன். ஓனர் ஒருவர்தான் இருக்க முடியும், இதைச் செய்தால் நீங்கள் வியூவர் ஆவீர்கள், உறுதியா என்று கேட்டது. இரண்டு முறை படித்தேன். அழுத்தினேன். திரையில் பாதிப் பட்டன்கள் சாம்பல் நிறமாயின. மில்லில் எத்தனையோ பேருக்கு இதைச் செய்திருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று இன்றுதான் பார்த்தேன்.

ரெஜினா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றையும் தொடவில்லை. பிறகு கேட்டாள். "சுத்து எதுக்கு பன்னண்டு?"

"நீதான வெச்ச."

"நான் வெச்சா? ஒம்பது போதும்." கடைமடைச் சலுகையைத் திரும்ப வைத்தாள், மூன்று சுற்றை வெட்டினாள், பலகையில் மழை வரும் கட்டத்தை இரண்டு இடம் முன்னால் நகர்த்தினாள், பதினான்கு அட்டைகளை மாற்றினாள். நாற்பத்துநான்கு நிமிடம். எனக்கு அது தோன்றவே இல்லை. ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது பொறாமையாக இருந்தது. முதலிலிருந்தே பொறாமைதான், வேறு பெயர் வைத்திருந்தேன்.

அவள் வேலை செய்த நேரத்தில் நான் அவளுடைய அம்மாவை ஹாலில் ஆறு முறை நடக்க வைத்தேன், பாத்திரம் கழுவினேன், மாடியிலிருந்து துணி எடுத்து மடித்தேன். நான்கு மணிக்கு நாங்கள் மூவரும் எதிர்வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு கையால் ஓர் ஆட்டம் ஆடினோம். கடைமடையில் ரெஜினாவின் அம்மாவை உட்கார வைத்தோம். "எனக்குத் தொறந்து வுட்டாத்தான் உங்களுக்கு" என்று மூவரையும் அவர் மிரட்டிய மிரட்டலில் எதிர்வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

ஆறு மணிக்குப் புதுக் கோப்புகள் அச்சகத்துக்குப் போயின. பழையதை அழித்துவிட்டதாகப் பதில் வந்தது.

கிளம்பும்போது ரெஜினா அணிப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தாள். "உன்னைய என்னவா போடட்டும்?"

"உனக்குத் தோணுனதப் போடு."

என் பெயருக்குப் பக்கத்தில் சுட்டியைக் கொண்டுபோனாள். "கமெண்டர். எதயும் மாத்தாத. ஆனா ஏதாவது சொல்லோணும்னா சொல்லு. நான் படிப்பேன்."

வீடு வரும் வரை பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலை 7.40. என் முதல் கமெண்ட். பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து, கீழே 'ஆட்ட வடிவமைப்பு' என்ற வரியின் ஓரத்தில் எழுதினேன்.

"இந்த வரியில் என் பெயரை ஜூலையில் நான் சேர்த்தேன். உன்னிடம் கேட்கவில்லை. உன் பெயருக்கு முன்னால் சேர்த்தேன். அகர வரிசை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எடுத்துவிடு."

எந்த நாளில் சேர்த்தேன் என்று இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. கேஸ் புக் செய்ததை எழுதியிருக்கிறேன், மாவு புளித்ததை எழுதியிருக்கிறேன், இதை எழுதவில்லை.

7.52-க்குப் பதில் வந்தது.

"தெரியும் புள்ள. பாக்குறதுக்கு மட்டும் அனுமதி இருந்துச்சே. நீயா சொல்றியான்னுதான் இருந்தேன்."

கமெண்டின் மேல் 'முடிந்தது' என்ற குறி விழுந்தது. பக்கத்தை மறுபடி திறந்தேன். ஆட்ட வடிவமைப்பு: ரெஜினா. அதற்குக் கீழே ஆட்டத்தை ஆடிப் பார்த்துச் சொன்னவர்களின் பட்டியல், சின்ன எழுத்தில் பதினேழு பேர். அதில் பத்மாவதிக்கு அடுத்து என் பெயர் இருந்தது. நேற்றுவரை அங்கே இல்லை.

சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பத்து மணிக்கு, காலையில் மாற்றிய பக்கத்தோடு பிளேட் போட்டுவிட்டார்கள் என்று சிவகாசியிலிருந்து ரெஜினாவுக்குச் செய்தி வந்ததாம். அவள் எனக்கு அனுப்பினாள்.